புறநகர்ச் சிறுதொழிலும் மானியக் கணக்கும்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் மேடையேறினால் செய்யுளொன்று சொல்லித் தொடங்குவான் என நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் இன்று செய்யுள் சொல்ல வரவில்லை. கணக்குச் சொல்ல வந்திருக்கின்றேன். கணக்கு எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை என்பதை என்னோடு ஒரே வகுப்பிற் பயின்றோர் இருவர் இவ்வவையிலேயே இருந்து அறிவர். ஆயினும் யான் பிழைபடப் போட்ட கணக்கொன்றால் என் குடும்பத்தில் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தது. சிறுதொழிலுக்கு அரசினரும் நகராட்சியினரும் செய்யும் உதவிகளைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபோது, அப்பிழையை மறைத்துவிட்டுத் திட்டங்களின் பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

நம்மவருட் பெரும்பாலோர் சென்னைக்குள் வாழ்வோருமல்லர், கிராமத்தில் வாழ்வோருமல்லர். அம்பத்தூர், ஆவடி, பல்லாவரம், தாம்பரம், குன்றத்தூர் எனப் புறநகர்களிலே பரந்து வாழ்கின்றோம். புறநகரின் இயல்பு யாதெனின், அது நாளுக்குநாள் எல்லை மாறும் நிலமென்க. அம்பத்தூர் தனி நகராட்சியாய் இருந்து 2011ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் நகராட்சிகளும் பேரூராட்சிகள் சிலவும் ஒன்றுசேர்ந்து 2021ஆம் ஆண்டிலே தாம்பரம் மாநகராட்சியாயின. இவற்றையடுத்து நாற்புறமும் ஊராட்சிகள். ஒரே தெருவின் வடசிறகு நகராட்சியாகவும் தென்சிறகு ஊராட்சியாகவும் இருக்கக் காண்கின்றோம். குப்பை வண்டி ஒரு சிறகில் நின்று திரும்பிவிடும். இவ்வெல்லைக் கோடு குப்பைக்கு மட்டுமன்று, நம் பிள்ளைகள் பெறும் மானியத்திற்கும் உரியதென்பதே யான் முதலிற் சொல்ல விரும்புவது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என ஒன்று 2008ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. முன்னிருந்த இரண்டு திட்டங்களை ஒன்றாக்கி அதனை அமைத்தனர். கதர் கிராமக் கைத்தொழில் ஆணையமும் மாவட்டத் தொழில் மையங்களும் வங்கிகளும் அதனை நடத்துவன. 2022ஆம் ஆண்டிற் செய்த திருத்தப்படி, பொருள் உற்பத்தி செய்யும் தொழிலாயின் 50 லட்சம் ரூபாய் வரையிலும், சேவைத் தொழிலாயின் 20 லட்சம் வரையிலும் முதலீட்டிற்கு இடந்தந்தனர்; 2025-26 வரை திட்டத்தை நீட்டித்தனர். பொதுப்பிரிவினர் முதலீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தம் கையிலிருந்து இடல் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மகளிர், முன்னாட் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் ஐந்து பங்கு இட்டாற் போதும். நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளோமாதலின் நமக்கும் ஐந்தே.

இனி மானியம். நமக்கு அஃது நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 25. கிராமப்புறத்தில் நூற்றுக்கு 35. பத்து லட்சத்தில் ஒரு பட்டறை வைப்பவன் தெருவின் வடசிறகில் வைத்தால் இரண்டரை லட்சமும், தென்சிறகில் வைத்தால் மூன்றரை லட்சமும் பெறுவான். தெருவைக் கடந்தால் ஒரு லட்சம்.

என் தமக்கையாரின் மகன் கடைசல் வேலை கற்றவன். தொழிற்பயிற்சி நிலையத்திலே படித்து, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஒன்பதாண்டு லேத்தில் நின்று கைதேர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் தனியே தொழில் தொடங்க விரும்பி என்னிடம் வந்தான். பட்டறைக்கு இரண்டு இடங்கள் பார்த்திருந்தான். ஒன்று நகராட்சி எல்லைக்குள், தொழிற்பேட்டையினின்றும் நடந்து செல்லுந் தொலைவில் இருந்த சிறு ஷெட். வாடகை சற்று மிகுதி. மற்றொன்று ஏரிக்கரைக்கு அப்பால் ஊராட்சியில் இருந்தது, வாடகை பாதி. அவனுக்கு முதல் இடத்தின் மேல்தான் மனம் சென்றது. "மாமா, வேலை கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்?" என்றான். யான்தான் விதிமுறைகளைப் படித்து, தெருவைக் கடந்தால் ஒரு லட்சம் என்னும் அரிய உண்மையைக் கண்டுபிடித்து, "ஒரு லட்சத்தைச் சும்மா விடலாமா, தம்பி?" என்று கேட்டவன். விண்ணப்பத்தையும் திட்ட அறிக்கையையும் என் கையாலேயே எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லையென்று அலுவலர் ஒருவர் பாராட்டியதை வீட்டிற் பலமுறை சொல்லிக்கொண்டேன். அவன் இடவேண்டிய ஐம்பதினாயிரத்துக்கு என் தமக்கையார் தம் வளையல்களை அடகு வைத்தார்.

கடன் கிடைத்தது. கடன் கிடைத்தபின்புதான் மானியம் என்பது யாதென எனக்குத் தெரிந்தது. இதனை இங்கிருப்போர் நன்கு கேட்டல் வேண்டும். நம்மவரிற் பத்தில் ஒன்பதின்மர் இதனை அறியார். மானியம் கையில் வருவதன்று. வங்கி நமக்கு ஒன்பதரை லட்சத்தையும் கடனாகவே எழுதுகின்றது. மானியத்தொகை நம் பெயரால் அவ்வங்கியிலேயே மூன்றாண்டு வைப்பாகக் கிடக்கும். அவ்வைப்புக்கு வட்டி இல்லை. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கும் வட்டி இல்லை. மூன்றாண்டு கழிந்து, தொழில் நடக்கின்றதென்று நேரில் வந்து பார்த்தபின்னரே, அது கடனிற் கழிக்கப்படும். இடையிலே தொழில் மூடப்பட்டால் மானியமும் போகும். இவ்வேற்பாடு தவறென்று யான் சொல்லேன். மானியத்தை வாங்கிக்கொண்டு பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவோர் பலராதலின் அரசினர் இப்படிக் கட்டியிருக்கின்றனர். ஆனால் முதல் மூன்றாண்டுத் தள்ளாட்டத்தில் மானியம் ஒரு காசும் கைக்கு உதவாது என்பதை அறிந்தே தொழிலில் இறங்குதல் வேண்டும்.

ஏரிக்கரை இடத்துக்கு மும்முனை மின்சாரம் வர ஏழு மாதமாயிற்று. அப்பகுதியின் மின்மாற்றி அந்தச் சுமையைத் தாங்காதென்றனர். லேத் வந்து இறங்கித் தார்ப்பாயின் கீழ்த் தூங்கிற்று, வட்டி தூங்கவில்லை. மின்சாரம் வந்தபின் மற்றொன்று விளங்கிற்று. கடைந்தெடுத்த உருப்படியைப் பதப்படுத்த வேண்டும். அதற்கான உலை தொழிற்பேட்டையிலே இருக்கின்றது. முலாம் பூசவேண்டும், அதுவும் அங்கேயே. அளவு சரிபார்ப்பவரும் அங்கே. வேலை கொடுப்பவரும் அங்கே. நாள்தோறும் பதினான்கு கிலோமீட்டர் உருப்படிகளை ஏற்றிச்சென்று இறக்கி மீண்டும் ஏற்றிவர, மாதம் ஆறாயிரம் ரூபாய் வண்டிக்கே சென்றது. பதினேழு மாதத்தில் அது ஒரு லட்சத்து இரண்டாயிரம். யான் தெருவைக் கடந்து ஈட்டித் தந்த ஒரு லட்சம் பதினேழே மாதத்தில் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது! ஏரிக் கலங்கலின் நீர் பட்டறைக்குள் முழங்காலளவு வந்து மோட்டாரைக் கெடுத்த மழைக்காலத்தை இக்கணக்கில் யான் சேர்க்கவில்லை. இடத்தை மாற்றிக்கொள் என்றால், கிராமப்புறமென்று பெற்ற மானியத்திற்கு என்ன வருமோ என்று அஞ்சினான். அவ்வச்சத்தை அவனுக்கு ஊட்டியவனும் யானே. விதிமுறைகளைப் படித்தவன் யானல்லனோ?

நிற்க. பணத்தால் ஆகாத உதவியை இடத்தால் அரசு செய்தது உண்டோ எனின், உண்டு. கிண்டியைப் பாருங்கள். காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டிலே, கிண்டித் தொழிற்பேட்டை தோன்றிற்று. அன்று கிண்டி சென்னையின் ஓரம். அதன்பின் 1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. இவற்றையெல்லாம் பேணுதற்கென்று சிட்கோ என்னும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் 1970ஆம் ஆண்டில் அமைந்தது. அங்கே அரசு முதலில் தந்தவை நிலமும் சாலையும் நீரும் மின்சாரமும். கையில் ஆயிரக்கணக்கிற் பணமில்லாதவனும் கட்டி முடித்த ஷெட்டிற் புகுந்து இயந்திரத்தை இறக்கி மறுவாரமே வேலை தொடங்க அவை இடந்தந்தன.

அவற்றினும் பெரியதோர் உதவி, எவரும் மானியமென்று எழுதாத உதவி, அக்கம்பக்கம். ஒருவன் வார்ப்பான், அடுத்தவன் கடைவான், அதற்கடுத்தவன் துளையிடுவான், எதிர்ச்சாரியில் ஒருவன் முலாம் பூசுவான். அம்பத்தூரைச் சூழ மிதிவண்டித் தொழிற்சாலையும், பாடியில் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலைகளும், எண்ணூரில் லாரி செய்யும் ஆலையும் இருந்தமையின் அவற்றுக்கு வேண்டிய சிற்றுறுப்புகளைச் செய்து கொடுப்போர் நூற்றுக்கணக்கில் வளர்ந்தனர். இயந்திரம் பழுதுபட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் தம்முடைய லேத்தில் இரவு வேலைக்கு இடங்கொடுத்த கதைகளை இவ்வவையில் மூத்தோர் சிலர் என்னினும் நன்கு சொல்வர். என் மருமகன் ஒன்பதாண்டு வேலை கற்றதும் அத்தகைய அக்கம்பக்கத்தில்தான். அதனின்றும் அவனைப் பிடுங்கி ஏரிக்கரையில் நட்டவன் யான்.

தொழிற்பேட்டைகளில் எல்லாம் நலமே என்று சொல்லவும் என்னால் இயலாது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற் கிண்டியும் அம்பத்தூரும் திருமுடிவாக்கமும் நீரில் நின்றன. இன்று மனையின் விலை, புதிதாகத் தொடங்குவோன் கனவிற் காணத்தக்கதாக மட்டுமே இருக்கின்றது. அண்மையாண்டுகளிற் கிண்டியிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் கட்டப்பட்டுள்ளன. நிலம் வாங்க வலியில்லாதவர்க்கு அவை நல்வழியாகலாம். கனமான இயந்திரங்களுக்கு மேன்மாடம் பொருந்துமோ என்பதைத் தொழிலறிந்தோர்தாம் சொல்லவேண்டும்.

இதுகாறும் சொல்லியவை பட்டறைக்காரர் செய்தி. நம் சமூகத்திற் பட்டறையும் இல்லாதோர் பலர். அவர்தம் செய்தியிலே நகராட்சியின் கை இன்னும் நேராகப் படுகின்றது.

எங்கள் பள்ளி வாயிலிற் கொய்யாவும் மாங்காய்க் கீற்றும் விற்கும் அம்மையார் ஒருவர் நம்மவரே. பல்லாண்டுகளாகத் தண்டற்காரரிடம் பணம் வாங்கிவந்தார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எண்ணாயிரத்து ஐந்நூறு கையில் தருவர். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் வாங்கிவிடுவர். மழை பெய்து கடை விரிக்காத நாளுக்கும் நூறு ரூபாய் உண்டு. தெரு வணிகர்க்கெனப் பிரதமரின் ஸ்வநிதித் திட்டம் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்தது. முதலிற் பத்தாயிரம், ஒழுங்காகச் செலுத்தினால் அடுத்து இருபதினாயிரம், அதன்பின் ஐம்பதினாயிரம். வட்டியில் நூற்றுக்கு ஏழு அரசினரால் திருப்பித் தரப்பெறும். ஈடு வேண்டா. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதனை 2030 மார்ச்சு வரை நீட்டித்து, முதற்கடனைப் பதினையாயிரமாகவும் இரண்டாவதை இருபத்தையாயிரமாகவும் உயர்த்தினர். அதற்கு வேண்டுவது நகராட்சி தரும் விற்பனைச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம். அவ்வம்மையார்க்கு அக்கடிதம் கிடைக்க நான்கு மாதமாயிற்று. காரணம் யாரேனும் தடுத்ததன்று. கணக்கெடுப்பு நாளன்று அவர் மகளின் பேறுகாலத்திற்காக ஊருக்குச் சென்றிருந்தார். பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. அவ்வளவே. பட்டியலில் இல்லாதவர் இல்லாதவரே ஆயினர். யானும் எங்கள் பள்ளி எழுத்தரும் உடன்சென்று மனுக் கொடுத்தபின் கடிதம் வந்தது.

2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டத்தின்படி ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாதோர் தெரு வணிகராகவே இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும். எங்கே கடை விரிக்கலாம், எங்கே கூடாது என்பதில் அக்குழுவின் சொல்லுக்கு இடமுண்டு. நம் மகளிருள் எத்துணைப் பேர் அக்குழுவுக்கு நிற்க முன்வந்தனர்? நகரமன்றத் தேர்தலுக்கு நம்முள் எத்துணைப் பேர் போட்டியிட்டுத் தம்முட் பகைத்துக்கொண்டனர் என்பது எல்லோர்க்கும் தெரியும். விற்பனைக் குழுவென ஒன்றுண்டென்பதை அவருட் சிலரேனும் அறிவரோ என்பது எனக்குத் தெரியாது.

இனி யான் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கலாம். அரசு செய்யும் உதவியைப் பற்றிப் பேசுகின்றோம். நாம் செய்துகொள்ளும் தீங்கைப் பற்றிப் பேசுவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழிற்சட்டம், சிறு உற்பத்தியாளரிடம் பொருள் பெற்றவர் உடன்படிக்கை எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரல் வேண்டும் என்கின்றது. உடன்படிக்கை இல்லையாயின் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி வீதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக. வருமான வரிச் சட்டத்தின் திருத்தமும் 2023-24 கணக்காண்டு முதல் இதனை இன்னும் இறுக்கியிருக்கின்றது. அவ்வாண்டில் அப்படித் தராது நிறுத்திய தொகையைச் செலவென்று கழிக்கவொட்டாது.

சட்டம் இவ்வாறிருக்க, என் மருமகனுக்கு நான்கு மாதம் பணம் தராது நிறுத்தியவர் யார்? அயலாரல்லர்; நம்முள் ஒருவர். பெயர் சொல்லேன். அவரைக் குறை கூறவும் யான் இதனைச் சொல்லவில்லை. அவருக்கும் மேலேயுள்ளவர் தரவில்லையாம். வழக்கிடலாமே என்றேன். "மாமா, அவர்மேல் மனுக் கொடுத்தால் மறுநாள் யார் எனக்கு வேலை தருவார்கள்?" என்றான் அவன். உத்யம் பதிவு இல்லாமற் சட்டத்தின் உதவியை நாட இயலாது. பதிவு இருந்தும் வாய் திறக்க இயலாது. ஆதலின் இதற்கு நகராட்சியும் அரசும் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருந்தொழிலதிபர்களே செய்யத்தக்கது. நம்மவர்க்கு நம்மவர் 45 நாளிற் பணம் தருவதென்று இச்சங்கத்தில் ஒரு தீர்மானம் வருமாயின், அது மூன்றரை லட்ச மானியத்தினும் பெரிதென்பது என் துணிபு.

சங்கத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் திருமண மண்டபத்தின் வருவாயில் எஞ்சியதைக் கொண்டு மேல்மாடத்திற்குக் குளிரூட்டும் கருவி வைப்பதென ஒரு கருத்து நிருவாகக் குழுவிற் பேசப்படுவதை அறிவேன். கோடைத் திருமணங்களில் யானும் வேர்த்தவனே. அதனை வேண்டா எனேன். அத்தொகையில் மூன்றிலொரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் இடவேண்டிய ஐந்து பங்குக் கைம்முதலை வட்டியின்றிக் கைமாற்றாகத் தந்தாலென்ன? பத்து லட்சத் தொழிலுக்கு அது ஐம்பதினாயிரமே. ஐம்பதினாயிரம் இல்லாமையாலே நகை போகின்றது; நகையும் இல்லாதவர்க்கு எண்ணமே போகின்றது.

பணத்தோடு ஒருவர் காலும் வேண்டும். விண்ணப்பம் எழுத நம்மிடையே ஆட்கள் உளர். அதற்கு யானே சான்று. இடத்தை முன்கூட்டிச் சென்று பார்க்க ஆளில்லை. மின்மாற்றி தாங்குமா, மழைநீர் எவ்வழி ஓடும், லாரி திரும்புமா, உலையும் முலாமும் எவ்வளவு தொலைவு, நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது, நகராட்சி எல்லை விரைவில் அங்கு வருமா என்பனவற்றையெல்லாம் தொழிலறிந்த முதியவர் ஒருவர் அரைநாள் சுற்றிப் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று ஒரு சொற் சொல்லியிருந்தால் என் மருமகன் மூன்றாண்டை இழந்திரான். அம்பத்தூரிலும் கிண்டியிலும் முப்பதாண்டு நாற்பதாண்டு உழைத்து ஓய்ந்திருக்கும் நம் பெரியோர் பலர் காலையிற் பூங்காவில் நடந்துகொண்டிருக்கின்றனர். அந்நடையை மாதத்தில் ஒருநாள் இளைஞனொருவன் பார்த்துவைத்த ஷெட்டின் பக்கம் திருப்புமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

திட்டங்களின் விதிகள் ஆண்டுதோறும் மாறுவன. யான் இன்று சொன்ன தொகைகளை வேதவாக்கெனக் கொள்ளாது, விண்ணப்பிக்குமுன் மாவட்டத் தொழில் மையத்திற் கேட்டுத் தெளிக. தெரு வணிகர் சான்றுக்கு வேண்டிய மனுவை எழுதித்தர யான் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி முதல் சங்கக் கட்டிடத்தில் இருப்பேன். கட்டணம் இல்லை, ஆதார் அட்டையின் படியும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டுவருக.

மூன்றாண்டுக் கெடு சென்ற மாதம் முடிந்தது. வங்கியிலிருந்து வந்து பார்த்துச் சென்றிருக்கின்றனர். மானியம் கழிந்தவுடன் பழைய இடத்தருகிலேயே ஒரு ஷெட்டை வாடகைக்குப் பேசி வைத்திருக்கின்றான் என் மருமகன். இம்முறை என்னைக் கேளாமலே பேசியிருக்கின்றான். முன்பணத்துக்கு என்ன செய்வான் என்று யானும் இன்னும் கேட்கவில்லை. என் தமக்கையார் பின்வரிசையில் அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவர் வளையல்கள் இன்னும் மீளவில்லை. கைம்முதல் நிதியைப் பற்றிய தீர்மானம் அடுத்த நிருவாகக் குழுவுக்கு வரும்போது உறுப்பினர்கள் தவறாது வந்திருக்க வேண்டுகின்றேன்.